கூட்டினால் எட்டு வருகிற வண்டி

மே 3, வெள்ளி

இந்த டைரி பால் சொசைட்டியில் தை மாதம் கொடுத்தது. பீரோ மேல் சும்மா கிடந்தது. இன்றைக்கு வந்த ஆத்திரத்தை யாரிடமும் கொட்ட முடியாததால் எடுத்துத் தூசி தட்டினேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்புதான். ஆனால் என் கையெழுத்தைப் பார்த்தால் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

என் மருமகள் கோகிலவாணி கணக்கு டீச்சர். இத்தனை நாள் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய் வந்தாள். இப்போது கொல்லிமலைக்கு மேலே மாறுதல் வந்துவிட்டது. ஜூன் பத்தாம் தேதி போய்ச் சேர வேண்டும். காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸில் ஏறினால் பத்தாவது வளைவிலேயே வாந்தி எடுப்பாள். போன ஆடி பதினெட்டுக்கு மேலே போனபோது பார்த்தேனே, துவைத்துப் பிழிந்த துணி மாதிரி இறங்கினாள்.

இதற்கு என் மகன் பூபதி கண்டுபிடித்த வழி, வேலையை விட்டுவிடு என்பது. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். ஆறாம் வகுப்புக்குச் சேந்தமங்கலம் போக வேண்டும், பொட்டப்பிள்ளை எப்படிப் போகும் என்று என் அப்பாவும் இப்படித்தான் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். நான் பூபதிக்கு ரசம் ஊற்றவில்லை. அவனே ஊற்றிக்கொண்டான்.

கோகிலவாணி அழவில்லை. "ஓட்டறவங்களுக்கு வாந்தி வராதுங்க அத்தை. உக்காந்துட்டு வர்றவங்களுக்குத்தான் வரும்" என்றாள். போன வருஷமே கார் ஓட்டக் கற்று லைசென்ஸ் வாங்கி வைத்திருக்கிறாள். சின்ன வண்டியாக ஒன்று வாங்குவது என்று முடிவானது. அந்தத் தீர்மானம் எனக்குப் பிடித்திருந்தது. அவளிடம் சொல்லவில்லை, எதற்கு ஏற்றிவிட வேண்டும்.

மே 5, ஞாயிறு

புது வண்டி பார்க்க ஷோரூம் போனோம். நோரா என்று ஒரு சின்ன வண்டி. விற்கிறவன் டை கட்டியிருந்தான். வணக்கம் வைத்தது பூபதிக்கு. மைலேஜ் சொன்னது பூபதிக்கு. ஓட்டிப் பாருங்கள் சார் என்று சாவியை நீட்டியதும் பூபதிக்குத்தான். பூபதிக்குக் கார் ஓட்டத் தெரியாது. டி.வி.எஸ். வண்டியையே இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டு ஓட்டுகிறவன். சாவியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தான்.

"சாவிய அந்தப் புள்ளைகிட்டக் குடுங்க. ஓட்டறது அவதான்" என்றேன்.

விற்கிறவன் சிரித்தபடியே, பாட்டி நீங்க பின்னாடி உக்காருங்க, ஏசி காத்து ஜிலுஜிலுன்னு வரும் என்றான். எனக்கு ஏசி காட்டுகிறான். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் என் வீட்டுக்காரரோடு லாரியில் போனவள் நான். கேபினில் ஸ்டவ் பற்றவைத்துச் சமைத்திருக்கிறேன். எஞ்சின் எந்த கியரில் முனகுகிறது என்று தூக்கத்திலேயே சொல்வேன்.

என் மதிப்பை எழுதி வைக்கிறேன். சீட் உயரம் நல்ல உயரம், சேலையைத் தூக்கிப் பிடிக்காமல் ஏறலாம், முட்டிவலிக்காரிக்கு அதுதான் முதல் கணக்கு. கதவு சாத்தினால் தகர டப்பா சத்தம் இல்லை, கெட்டியாக விழுகிறது. முன்கண்ணாடி அகலம், வளைவில் எதிரே வருகிறவன் தெரிவான். பின்னால் ஒரு அரிசி மூட்டையும் ஒரு பையும் வைக்கலாம், அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. ஸ்டெப்னி எங்கே என்று கேட்டேன். இந்த மாடலுக்கு ஸ்டெப்னி கிடையாது, பஞ்சர் ஆனால் அடைக்க ஒரு டப்பா தருகிறோம் என்றான். எழுபது வளைவுக்கு நடுவே டயர் கிழிந்தால் டப்பாவை வைத்து நான் என்ன பொரியா வறுப்பது? இதைக் கேட்டதும் பூபதி, "அம்மா, நீ சும்மா இரு" என்றான்.

விற்கிறவன் கடைசியில்தான் சொன்னான், பதிவு செய்தாலும் வண்டி வர மூன்று மாதம் ஆகுமாம். அதை வாசலிலேயே சொல்லியிருந்தால் வெயிலில் வந்திருக்க மாட்டோம். அவன் கொடுத்த ஜூஸைக் குடிக்காமல் வந்தேன்.

மே 8, புதன்

மாவு பொங்கி வழிந்து பாத்திரத்தைச் சுற்றி எறும்பு. பூபதி செல்போனில் பழைய வண்டிகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். எல்லா வண்டியும் "டாக்டர் ஓட்டியது". நாட்டில் இத்தனை டாக்டர்கள் இருந்தும் என் முட்டி சரியாகவில்லை.

மே 12, ஞாயிறு

ராசிபுரம் போனோம். அதே நோரா வண்டி, ஐந்து வருஷம் ஓடியது. வைத்திருப்பவர் நிஜமாகவே டாக்டர், மாட்டு டாக்டர். சாமியப்பன் என்று பெயர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இடது கதவில் ஒரு கோடு இருக்கிறது, எருமை கொம்பால் உரசியது என்று நாங்கள் கேட்கும் முன்பே காட்டினார்.

நான்கு டயரும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் வண்டி கோணலாக ஓடுகிறது என்று அர்த்தம். பானெட்டைத் தூக்கச் சொல்லி போல்ட்டுகளைப் பார்த்தேன், ஸ்பேனர் பட்ட தடமே இல்லை, அடிபட்டுப் பிரித்த வண்டி இல்லை. பழைய மாடல் என்பதால் ஸ்டெப்னியும் இருந்தது. எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது கிளப்பச் சொன்னேன். ஒரே திருப்பில் கிளம்பியது. கோகிலவாணி ஓட்டினாள். மேட்டில் நிறுத்தி எடுத்தாள், ஒரு அடி பின்னால் வரவில்லை. கல்யாணமான இந்தப் பதினான்கு வருஷத்தில் அவள் தானாகச் சிரித்து நான் பார்த்தது குறைவு. இன்றைக்குச் சிரித்தாள்.

வண்டியை வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்தோம்.

கிளம்பும்போதுதான் நம்பர் பலகையைப் பார்த்தேன். இரண்டு, ஐந்து, ஏழு, மூன்று. நான் எதுவும் சொல்லவில்லை. நம்பரைக் கூட்டிப் பார் என்று பூபதியிடம் சொன்னேன், அவ்வளவுதான். பதினேழு. ஒன்றும் ஏழும் எட்டு. அவன் முகம் மாறிவிட்டது. என் வீட்டுக்காரர் ராசப்பன் ஓட்டிய லாரி 7262. அதுவும் கூட்டினால் எட்டு. தொப்பூர்க் கணவாயில் அது உருண்டு அவர் போய்ச் சேர்ந்தபோது பூபதிக்குப் பத்து வயது. அவனுக்கு மறக்குமா?

திரும்பும்போது பஸ்ஸில் கோகிலவாணி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மே 13, திங்கள்

துணி காயப்போடும்போது கேட்டாள்.

"அத்தை, எந்த நம்பரக் கூட்டுனாலும் ஒன்னுலருந்து ஒம்போதுக்குள்ளதான் வரும். அப்படின்னா ஒம்போது வண்டியில ஒன்னுக்கு எட்டு வரும். ரோட்டுல போற ஒம்போது பேருல ஒருத்தர் செத்திருக்கணுமுங்களா?"

கணக்கு டீச்சர் எனக்குக் கணக்குச் சொல்கிறாள். நீ கரும்பலகையில் கூட்டினவள், நான் என் தாலியில் கூட்டினவள் என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அப்புறம் அவள் பேசவில்லை. பேசாமல் இருப்பதில் அவளுக்கு என்ன கர்வம்.

மே 17, வெள்ளி

வண்டி அமைந்துவிட்டது. அதே நோரா, மூன்றே வருஷம் ஆனது. சென்னை வண்டி. புரோக்கர் குப்புராஜ் கொண்டுவந்து வாசலிலேயே நிறுத்தினான். வெள்ளை நிறம், தும்பைப் பூ மாதிரி. நம்பர் 4518. கூட்டினால் ஒன்பது. பார்த்தவுடனே கையெடுத்துக் கும்பிட்டேன்.

புது சீட் உறை, புது மிதியடி. டாக்டர் வண்டியைவிட விலையும் குறைவு. மூன்று வருஷ வண்டி ஐந்து வருஷ வண்டியைவிட மலிவாக வருவது எப்படி என்று கோகிலவாணி கேட்டாள். மெக்கானிக் உசேன் பாயிடம் ஒரு தடவை காட்டலாம் என்றும் சொன்னாள். ஓனர் வெளிநாடு போறாருங்க, அவசரம், சாயந்திரம் திருச்செங்கோட்டு பார்ட்டி வர்றாங்க என்றான் குப்புராஜ். பூபதி என்னைப் பார்த்தான். அம்மா பாத்துட்டாங்களே, அம்மாவுக்குத் தெரியாத வண்டியா என்றான். பிறந்ததிலிருந்து இந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து இன்றைக்குத்தான் கேட்கிறேன்.

நான் உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். செண்டு வாசனை கொஞ்சம் அதிகம். மல்லிகையும் எலுமிச்சையும் சேர்ந்த மாதிரி. அதற்கு அடியில் வேறு ஒரு வாசனையும் இருந்தது. மூடி வைத்த வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும்.

முன்பணம் கொடுத்தாயிற்று.

மே 19, ஞாயிறு

முழுப் பணமும் கொடுத்து வண்டியை எடுத்தோம். ஆஞ்சநேயர் கோயிலில் பூசை. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். மூன்று நன்றாக நசுங்கியது. நான்காவது பழம் நழுவி ஓரமாக ஓடிவிட்டது. பூசாரி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மே 23, வியாழன்

ஜன்னல் கண்ணாடி தானாக இறங்குகிறது. நேற்று மழை. சீட் நனைந்துவிட்டது. குப்புராஜுக்குப் போன் செய்தால் சென்சாருங்க என்கிறான். காலையில் வண்டி கிளம்பவில்லை, அதற்கும் சென்சார். இண்டிகேட்டர் இடது பக்கம் போட்டால் வலது பக்கம் எரிகிறது. அதையும் அவனிடம் கேட்டேன். சென்சார் என்று ஒரு வார்த்தையைக் கற்றுக்கொண்டு இவன் ஊரையே விற்றுவிடுவான். செத்துச் சுட்டாலும் நாக்கு வேகாது இவனுக்கு.

பாட்டரி மாற்றினோம். கோகிலவாணி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திருப்பிச் சொல்லியிருப்பேன்.

மே 26, ஞாயிறு

அவர்கள் இருவரும் டி.வி.எஸ்.ஸில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். வண்டிக்குள் துடைக்கலாம் என்று போனேன். டிரைவர் சீட் பெல்ட்டை இழுத்தேன். பாதியில் நிறுத்தாமல் கடைசிவரை இழுத்தேன்.

கருப்புப் பெல்ட்டு கடைசி ஒரு முழம் பழுப்பாக இருந்தது. நகத்தால் சுரண்டினேன். பொடியாக உதிர்ந்தது. காய்ந்த சேறு.

பெல்ட்டை விட்டேன். அது உள்ளே போய்விட்டது. கதவைச் சாத்திவிட்டு வந்து, உளுந்து ஊறப்போட்டேன். அரிசி களைந்தேன்.

மே 28, செவ்வாய்

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கழுவி, காயவைத்து, உறை மாற்றி, தூரத்து ஊரில் கொண்டுபோய் விற்பார்கள் என்று எனக்கு முன்பே தெரியும். லாரிக்காரன் பெண்டாட்டிக்கு இதெல்லாம் தெரியும். அந்த வாசனை என்ன வாசனை என்றும் தெரியும். குளம் வற்றும்போது வருகிற வாசனை. பதினேழாம் தேதி சீட்டுக்கு அடியில் கையை விட்டபோது பிசுபிசுவென்று இருந்தது. அதை அன்றைக்கு எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

எழுத ஆரம்பித்துவிட்டதால் இன்னொன்றும் எழுதுகிறேன்.

அவர் போவதற்கு ஒரு வாரம் முன்னால் லாரியில் கடகடவென்று ஒரு சத்தம். கியர் பாக்ஸ் என்று நான்தான் சொன்னேன். நிறுத்தி, ஒர்க்‌ஷாப்பில் பிரித்து, ஒரு நாள் வீணாகி, கடைசியில் பார்த்தால் பின்னால் இரட்டை டயருக்கு நடுவே ஒரு கல் சிக்கியிருந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு டீக்கடையிலும், வீட்டில் பூபதியிடமும் அவர் இதைச் சொல்லிச் சிரித்தார். "என்ர பொண்டாட்டி அஞ்சாங்கிளாஸ் மெக்கானிக்குங்க" என்பார். டிரைவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். டம்ளரைக் கழுவிக்கொண்டே, இனிமேல் இந்த மனுஷனிடம் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் என் பெயர் பாவாயி இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பெங்களூரிலிருந்து திரும்பும்போது பிரேக் மிதிக்கும் போதெல்லாம் இடது பின்சக்கரத்தில் இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம். கேட்டது. நன்றாகக் கேட்டது. தர்மபுரியில் அக்கா வீட்டில் இறங்கிக்கொண்டேன். போய் வருகிறேன் புள்ளே என்றார். தலையை ஆட்டினேன். அங்கிருந்து தொப்பூர் அரை மணி நேரம்.

அப்புறம் யாரோ சாவு வீட்டில் நம்பரைக் கூட்டிச் சொன்னார்கள். எட்டு என்று. எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

ஜூன் 1, சனி

நாளைக்குக் காலையில் கோகிலவாணி மலைக்கு ஒரு தடவை ஓட்டிப் பழகப் போகிறாள். பூபதியும் கூடப் போகிறான். நீயும் வாம்மா, வாந்திக்கு எலுமிச்சம்பழம் எடுத்து வைக்கட்டுமா என்று பூபதி கேட்டான். நான் வரவில்லை, அக்கா வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொன்னேன்.

அக்கா இறந்து ஏழு வருஷம் ஆகிறது. பூபதி என்னையே பார்த்தான்.

ஜூன் 2, ஞாயிறு

ஆறு மணிக்கு வண்டியைக் கிளப்பினாள். நான் வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். ஹாரன் அடிக்காமல் எஞ்சினை நிறுத்தி இறங்கி வந்தாள். மரியாதை தெரிந்தவள்.

"பெல்ட்ட முழுசா இழு கண்ணு" என்றேன்.

இழுத்தாள். பார்த்தாள். விரலால் தேய்த்துப் பார்த்தாள். பூபதி என்ன என்ன என்று கேட்டான். அவனுக்குப் புரியவில்லை.

"தண்ணியில முழுகுன வண்டி. ஒரு வாரமாத் தெரியும். பொய் எதுக்கு, வாங்குன அன்னிக்கே தெரியும். நம்பரு ஒம்போதுன்னு வாய மூடிக்கிட்டேன்."

பூபதி கத்தினான். அவன் கத்தியதை எழுத மாட்டேன், அவன் சொன்னது அத்தனையும் நியாயம். கோகிலவாணி கத்தவில்லை. பெல்ட்டை உள்ளே விட்டாள். பிறகு, "இன்னிக்குச் சொன்னீங்களே அத்தை" என்றாள். எனக்கு அது போதவில்லை. திட்டியிருக்கலாம்.

உசேன் பாயை வரவழைத்தோம். மிதியடியைத் தூக்கி, அதற்கடியில் விரிப்பைக் கிழித்தார். வண்டல். தகரம் முழுக்கத் துரு. வயர் முனைகளெல்லாம் பச்சை பூத்திருந்தன. இது எப்ப வேணாலும் ஆஃப் ஆகும்மா என்றார். வளைவுல ஆஃப் ஆச்சுன்னா ஸ்டீயரிங் கல்லு மாதிரி ஆயிரும், பிரேக் ரெண்டு மிதிக்கு மேல பிடிக்காது. இறங்கும்போதுன்னா அல்லாதான்.

நான் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன்.

ஜூன் 3, திங்கள்

காலை பத்து மணிக்குக் குப்புராஜ் ஆபீஸுக்குப் போனோம். விற்ற பிறகு நான் பொறுப்பில்லை என்றான். உத்தரவாதம் ஏதாவது எழுதிக் கொடுத்தேனா என்றான். பூபதி போலீஸ் என்றான், குப்புராஜ் தாராளமாகப் போங்கள் என்றான். பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து தகராறு செய்கிறீர்கள் என்று வேறு சொன்னான்.

நான் வெளியே வந்தேன். வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். வண்டி பார்க்க முதலில் ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். "பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க சாமி" என்று மட்டும் சொன்னேன். அவர்கள் இழுத்தார்கள். அந்த வண்டியில் ஒன்றும் இல்லை, ஆனாலும் சந்தேகம் வந்து போய்விட்டார்கள். அடுத்து ஒரு வாத்தியார். அவரிடமும் சொன்னேன். மூன்றாவது ஆளிடம் சொன்னபோது குப்புராஜ் ஓடி வந்து, ஆயா வீட்டுக்குப் போங்க, வெயில் அடிக்குது என்றான். எனக்கு ஏசி பழக்கமில்லை, வெயில் ஒன்றும் செய்யாது என்றேன். நாளைக்கும் வருவேன், சாப்பாடு கட்டிக்கொண்டு வருவேன் என்றும் சொன்னேன்.

நான்கு மணிக்கு உள்ளே கூப்பிட்டான். அவன் கமிஷன் என்று ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தான். பிடித்துக்கொண்டதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அதற்கு ஈடாக என் வளையல் இரண்டைக் கழற்றிக் கோகிலவாணியிடம் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றாள். வாங்க வைத்தேன்.

ஜூன் 5, புதன்

ராசிபுரத்துக்கு நானே போன் போட்டேன். வண்டி இருக்கிறதாம். எங்களுக்கு அப்புறம் ஆறு பேர் வந்து பார்த்தார்களாம். ஆறு பேரும் டயரைப் பார்த்தார்கள், எஞ்சினைப் பார்த்தார்கள், திருப்தி என்றார்கள், வாசல் வரை போய் நம்பரைக் கூட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று டாக்டர் சொன்னார். இந்த ஊர்க்காரர்களுக்கு அறிவே கிடையாது. நல்ல வண்டியை நம்பருக்காகவா ஒருவன் விடுவான்?

எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

ஜூன் 6, வியாழன்

எடுத்துவிட்டோம். எலுமிச்சம்பழம் வைக்கவில்லை. உசேன் பாய் வந்து அடியில் படுத்து அரை மணி நேரம் பார்த்தார். அது போதும். பூபதி மட்டும் நம்பர் பலகைப் பக்கம் போகாமல் சுற்றி வந்து ஏறினான். பாவம், அவனுக்கு அந்தப் பயத்தைக் கொடுத்தவள் நான். தொப்பூர் விஷயத்தை அவனிடம் சொல்ல வேண்டும். இன்றைக்கு முடியவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

நாளைக்குப் பள்ளிக்கூடம். இன்றைக்கு மலைக்குப் போய்ப் பழகி வந்தோம். பூபதி பின்னால் உட்கார்ந்தான். நான் முன்னால். எலுமிச்சம்பழம் ஒன்று எடுத்துப் போனேன், மூக்கில் வைத்துக்கொள்ள.

காரவள்ளியில் வண்டியை நிறுத்தித் தண்ணீர் குடித்தாள். பாட்டிலைப் பின்னால் பூபதியிடம் கொடுத்தாள். நான் எலுமிச்சம்பழத்தை முந்தானையில் முடிந்துகொண்டேன். முதல் வளைவில் ஒரு லாரி இறங்கி வந்தது. ஓரம் கட்டி, அவன் போக வழி விட்டு, ஹாரன் அடித்து ஏறினாள். எஞ்சின் முனகவில்லை. பத்தாவது வளைவு தாண்டியது. வாந்தி வரவில்லை. அவள் சொன்னது சரிதான்.

இருபத்து மூன்றாவது வளைவில் இடது பக்கம் பின்னால் ஒரு சத்தம். கடக், கடக் என்று. பல்லைக் கடித்துக்கொண்டேன். அடுத்த வளைவிலும் கேட்டது.

"இடது பக்கம் ஏதோ சத்தம் வருது கண்ணு" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.

அகலமான இடம் பார்த்து நிறுத்தினாள். கை பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, சுற்றி வந்து குனிந்து பார்த்தாள். பின்கதவைத் திறந்தாள். பூபதியின் காலுக்கடியில் சில்வர் தண்ணீர்ப் பாட்டில் உருண்டுகொண்டிருந்தது.

பூபதி சிரித்துவிட்டான். அப்பா சொல்வாரே, அஞ்சாங்கிளாஸ் மெக்கானிக் என்று ஆரம்பித்தான். கோகிலவாணி அவனை ஒரு பார்வை பார்த்தாள். வகுப்பில் பார்க்கிற பார்வையாக இருக்கும், வாயை மூடிக்கொண்டான். பாட்டிலை எடுத்துக் கதவுப் பையில் செருகினாள். சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டாள்.

"அடுத்த சத்தத்தையும் சொல்லுங்க அத்தை" என்றாள்.

மேலே போய்ச் சேருவதற்குள் இன்னும் நான்கு தடவை சொன்னேன். ஒன்று டிபன் பாக்ஸ். ஒன்று ரோட்டில் கிடந்த ஜல்லி. மற்ற இரண்டும் ஒன்றுமே இல்லை. நான்கு தடவையும் நிறுத்தி, இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினாள்.